உப்பு எந்த வழியாக வந்தது

திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் முதலில் நேந்திரங்காய் வறுவல் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். நான் விசாரித்தது லாரி பாட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை. மதராசிலிருந்து துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த காய்ச்சி வடித்த நீர் ரயிலிலேயே போய்விட்டது. எதிர் இருக்கைக்காரர் தன் டிரங்குப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார், பாட்டில் உடைந்தது. மனிதர் ரொம்ப வருத்தப்பட்டு எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சோதனை செய்வது?

எண்பதுகளின் தொடக்கம் அது. சிமெண்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. சிமெண்டைக் கரைப்பது, வடிகட்டுவது, என்ன இருக்கிறது என்று பார்ப்பது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்கள் சிமெண்டை விற்கிறவர் வழியாக ஒரு புகார் வந்தது. கடலோரத்தில் ஒரு வீட்டின் கான்கிரீட் கூரை, போட்டுச் சில வருடங்கள்தான் ஆகிறது, அதற்குள் பெயர்ந்து விழுகிறது. சிமெண்டில் கோளாறா, கட்டியவர் கடல் தண்ணீரில் குழைத்துவிட்டாரா, யாராவது வந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிற இன்ஜினியருக்கு மஞ்சள் காமாலை. அதனால் என் தலையில் விழுந்தது. "சிமெண்ட் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்" என்று என் மேலதிகாரி சொன்னார். பார்ப்பதற்கு முன்னாலேயே முடிவைக் கையில் கொடுத்து அனுப்புகிறாரே என்று எனக்குக் கோபம். அந்தக் கோபம் நாகர்கோவில் தாண்டும்வரை இருந்தது. அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பச்சையைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

தம்பானூரில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "ஒற்றைக்கா?" தனியாகவா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றதும், தனியாக வந்த பெண்ணுக்கு அறை காலியில்லை. பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்குகின்றன, ஆனாலும் காலியில்லை. கடைசியில், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பிய இடத்துக்குப் போனேன். கிழக்கேகோட்டைக்குள்ளே அக்ரகாரத் தெருவில் அவருடைய சித்தி பெண் அலமேலு மாமியின் வீடு. மாமிக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் வடக்கே எங்கோ உத்தியோகம், பிள்ளைகள் ஹாஸ்டலில். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் பெட்டியை அவரே பிடுங்கிக்கொண்டார்.

நான் காரைக்குடிப் பக்கம், மீன் தின்கிறவள். பின்னால் தெரிந்து சங்கடம் வேண்டாமென்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"அதனாலென்ன? வெளியிலே நீ எதை வேணும்னாலும் தின்னுக்கோ. ஆத்துக்கு வரச்சே பின்பக்கமா வந்து கிணத்தடியிலே ரெண்டு வாளி விட்டுண்டு உள்ளே வா, கேட்டயா? அவ்வளவாக்கும்" என்றார் மாமி.

பாட்டரித் தண்ணீர் பழவங்காடியில் கிடைத்தது. கணபதி கோயிலில் சிதறுதேங்காய் உடைகிற சத்தம் ஓயாத இடத்தில் ஒரு சின்னக் கடை. வாங்கின கையோடு அங்கேயே கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, என் பையிலிருந்த சில்வர் நைட்ரேட்டில் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீரில் உப்பு இருந்தால் அந்தச் சொட்டு பட்டதும் பால்போல் வெளுக்கும். வெளுத்தது. வெறும் குழாய்த் தண்ணீரைத்தான் பாட்டிலில் பிடித்து மூடி போட்டிருக்கிறார்.

கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "லாரிக்காரர்கள் யாரும் இப்படிச் சோதித்துப் பார்ப்பதில்லை" என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய் வேறொரு பாட்டில் கொண்டுவந்தார். "இது என் சொந்த ஸ்கூட்டருக்கு வைத்திருப்பது" என்றார். அது வெளுக்கவில்லை. ஏமாற்றினாலும் ஒளிக்காமல் ஏமாற்றுகிற அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை கிழக்கேகோட்டை பஸ் நிற்கிற இடத்தில் சூசை எனக்காகக் காத்திருந்தார். கூரையைப் போட்ட கட்டட கான்டிராக்டர் அவர்தான். நாற்பத்தைந்து வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். கொத்தனாராகத் திருவனந்தபுரம் வந்து, பிறகு தானே ஆள் வைத்துக் கட்ட ஆரம்பித்தவர். புகார் செய்ததும் அவரேதான் என்று அறிந்து எனக்கு ஆச்சரியம். தன் வேலையில் குற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தானே ஆள் அழைக்கிற கான்டிராக்டரை நான் கேள்விப்பட்டதில்லை.

பஸ் புறப்பட்டதும் அவரே சொன்னார். "அது எங்க அக்கா வீடு மேடம். கூடப்பொறந்த அக்கா. இங்க கெட்டிக் குடுத்தது. அத்தான் கல்ஃபுல இருக்காரு. வேற யாரு வீடுன்னாலும் இடிச்சுட்டு மறுபடி கெட்டிக் குடுத்துட்டுப் போயிருவேன்."

"அக்கா உங்களைச் சந்தேகப்படுகிறார்களா?"

"வாயத் தொறந்து சொல்லல்ல. கரையில உள்ளவங்க சொல்லுதாங்க, தம்பி கடல் தண்ணியில குழைச்சு அக்காளை ஏமாத்திட்டான்னு. அவ கேட்டுக்கிட்டு இருக்கா. இப்போ நான் போனா எனக்கு நாற்காலி எடுத்துப் போடுதா மேடம். எனக்கு, நாற்காலி."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கூரை போட்ட அன்னைக்குத் தண்ணி பத்தல்ல. டிரம்மை எடுத்துக்கிட்டு நான்தான் குழாயடிக்குப் போனேன். அங்க வரிசை. திரும்பி வந்தா வேலை நிக்காம நடந்துகிட்டு இருக்கு. கான்கிரீட்டைப் பாதியில நிறுத்தக்கூடாதுல்லா. கடல் இந்தா கெடக்கு, கைக்கெட்டுற தூரத்துல. எதுல குழைச்சீங்கன்னு பையனுககிட்ட கேட்டேன். மிச்சமிருந்த தண்ணியிலன்னு சொன்னானுவ. நம்பினேன். இப்போ எனக்கே தெரியல்ல பாத்துக்கிடுங்க. நீங்க பாத்து, உப்புன்னா உப்புன்னு அக்காகிட்ட சொல்லிருங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

தாங்கிக்கொள்கிற முகம் இல்லை அது. சிமெண்டைக் காப்பாற்றவென்று அனுப்பப்பட்ட நான், அந்த பஸ்ஸில் வைத்தே இந்த மனிதர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்துக்காரிக்கு இது கூடாது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சங்குமுகம் கடற்கரைக்குத் தெற்கே மீன்பிடிக்கிறவர்களின் ஓலைக் குடிசைகள் நெருக்கி நிற்கிற இடம். நடுவில் ஒன்றே ஒன்று கான்கிரீட் வீடு, நீலச் சுண்ணாம்பு அடித்து. பிலோமினா வாசலில் நின்றார். கைலி, ரவிக்கை, தோளில் துண்டு, வாட்டசாட்டமான உடம்பு. முப்பது வருடமாக இந்தக் கரையில் இருந்து அவர் தமிழ் பாதி மலையாளமாகிவிட்டிருந்தது.

"கேறி வா மோளே. ஒற்றைக்கா வந்நது?"

ஆமாம் என்றேன், பழகிப்போன கடுப்போடு.

"அது நல்லது. ஆணுங்க வந்நா சாயா குடிச்சிட்டுப் போவாங்க. பெண்ணு வந்நா வேலை நடக்கும்" என்றார். ஊருக்கு வந்து முதல் தடவையாக நான் நிமிர்ந்து நின்றேன்.

சமையலறைக் கூரை பார்க்கப் பாவமாக இருந்தது. அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளே கம்பி செம்பழுப்பாகத் துருவேறித் தெரிந்தது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் தன்னைச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அப்படித் தள்ளியதில் ஒரு பாளம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்புச் சட்டியில் விழுந்ததாம். பிலோமினா அந்த நேரம் உப்பு எடுக்க அப்பால் திரும்பியிருந்தாராம். கடலைப் பார்த்த முன்னறையின் கூரையோ கீறல்கூட இல்லாமல் இருந்தது. கடலுக்குப் பக்கத்தில் இருப்பது நன்றாக இருக்கிறது, தள்ளி இருப்பது கெட்டுக் கிடக்கிறது. எனக்கு விளங்கவில்லை.

மாடிக்குப் போனோம். நான் வருகிறேன் என்று மொட்டைமாடியை அப்படிக் கழுவித் தள்ளியிருந்தார்கள். மூலையில் இன்னும் ஈரம் இருந்தது. "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்" என்று நான் பாராட்டினேன். பிலோமினா வெட்கப்பட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சமையலறைக்கு நேர்மேலே, அடியில் இன்னும் பெயராத ஓரிடமாகப் பார்த்துத் துளை போட்டோம். கையால் சுற்றுகிற துளைக்கருவி. சூசை சுற்றினார், வருகிற தூளை நான் மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஆழத்துக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினேன். வியர்வையோடு சில்வர் நைட்ரேட் பட்ட என் விரல்கள் வெயிலில் கறுத்துக்கொண்டே போயின.

மத்தியானம் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றுவிட்டார் பிலோமினா. சிவப்பரிசிச் சோறு, அவித்த மரவள்ளிக்கிழங்கு, குடம்புளி போட்ட அயிலைக் குழம்பு. எங்கள் ஊரில் மீன் குழம்புக்குப் புளி கரைப்பதில் நாங்கள்தான் கெட்டிக்காரிகள் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு முதல் கவளத்திலேயே போயிற்று. குடிக்க இளஞ்சிவப்பாக ஒரு டம்ளர் வைத்தார். காலையிலிருந்து துருவையே பார்த்த கண்ணுக்கு அது பைப் துருவாகத் தெரிய, பயந்து டம்ளரைத் தள்ளி வைத்தேன். "அது மரப்பட்டை இட்டுத் திளைப்பிச்ச வெள்ளம் மோளே, வயிற்றுக்கு நல்லது" என்றார். மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்ததாம்; வெள்ளம் என்றால் அங்கே குடிக்கிற தண்ணீர்தான். சூசைக்கு நாற்காலி வந்தது. நுனியில் உட்கார்ந்தார். தான் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். பஸ்ஸுக்கு அவ்வளவு காலையில் வந்து நின்றவர் எங்கே சாப்பிட்டிருக்கப் போகிறார்? அக்காவும் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் பின்பக்கமாக வந்து கிணற்றடியில் நின்றேன். மாமி தள்ளி நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்ன மீன்?"

"அயிலை."

"நன்னா இருந்ததோ?"

"ரொம்ப நன்றாக இருந்தது மாமி."

"சரி, குளி" என்று வாளியை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த நாள் பந்த். எந்தக் கட்சி, எதற்காக என்று கேட்டேன். "எதுக்குன்னெல்லாம் கேக்கப்படாது. பந்த்னா பந்த்" என்றார் மாமி. பஸ் இல்லை, கடை இல்லை, ஆட்டோ இல்லை. மதராசில் கடையடைப்பு என்றால் பாதி ஷட்டர் திறந்து வியாபாரம் நடக்கும். இவர்கள் இதைத் திருவிழா மாதிரி ஒழுங்காக அனுசரித்தார்கள். பக்கத்து வீட்டு உத்தியோகஸ்தர் காலையிலேயே ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார், முகத்தில் அவ்வளவு நிம்மதி.

நான் கிணற்றடியில் கடை விரித்தேன். பொட்டலத்துத் தூளை ஸ்கூட்டர்த் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, கொஞ்சம் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் சொட்டு. மாமி முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். கூரையின் மேல்பக்கத்துத் தூள் கெட்டிப் பாலாக வெளுத்தது. நடுவில் எடுத்தது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. அடிப்பக்கத்துத் தூளில் சொட்டு விழுந்து, ஒன்றுமே ஆகாமல் தெளிந்து நின்றது. நான் மறுபடியும் மறுபடியும் செய்து பார்த்தேன். அதேதான்.

"என்னடி இது, உனக்குக் கண்ணு கலங்கறது?" என்றார் மாமி.

சொன்னேன். தோசை மாவு கரைக்கும்போதே உப்புப் போட்டால் தோசை முழுக்க உப்பு இருக்கும். மேலே தூவினால் மேலே மட்டும்தான் இருக்கும். குழைத்தபோது கடல் தண்ணீர் சேர்ந்திருந்தால் கூரையின் அடிவரைக்கும் உப்பு இருக்கவேண்டும். அடியில் இல்லை. அப்படியென்றால் சூசையின் ஆட்கள் குழைத்தது நல்ல தண்ணீரில்தான்.

"அப்போ அந்த மனுஷனுக்கு ஓடிப்போய்ச் சொல்லேன்."

எப்படி ஓடுவது? பந்த். அதுவுமல்லாமல், மேலிருந்து இறங்கிய உப்பு எங்கிருந்து வந்தது? கடல் காற்று என்று சொல்லலாம். ஆனால் கடல் காற்று கடலைப் பார்த்த பக்கத்தை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறைமேல் மட்டும் உட்காருமா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால் கரையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். தம்பிக்குச் சாதகமாக மதராசுக்காரி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள் என்பார்கள். முன்பக்கக் கூரையிலும் ஒரு துளை போட்டுப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன். மாலையில் கோட்டைக்குள் ஒரு சுற்று நடந்தேன். மற்ற நாட்களில் பஸ்கள் முட்டி மோதுகிற சாலையில் பசு ஒன்று நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இந்த ஊரில் இருந்துவிடலாமா என்று முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள் நான் வருவதாக யாருக்கும் சொல்லிவிட வழியில்லை. காலையில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் வள்ளியூர்க்காரர், வந்து பத்து வருடமாம். நான் தமிழில் கேட்க, அவர் மலையாளத்தில் பதில் சொன்னார். அவருக்கே அது தெரியவில்லை. என் கறுத்த விரல்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டார். "பகருமா?" ஒட்டுமா என்கிறார். ஒட்டாது, மருந்துக் கறை என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது. வழியில் வண்டி இருமி நின்றபோது, பிளக்கைத் துடைக்க நான் கொடுத்த கைக்குட்டையை அவர் வாங்கவில்லை. வண்டி கிளம்புகிற வழியாய் இல்லை. மிச்ச தூரம் மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நீல வீட்டை நெருங்கும்போதே மேலே காக்காய்க் கூட்டம். மாடிப்படி ஏறினேன். சமையலறைக்கு மேலே, அன்று கழுவித் துடைத்த கோலத்தில் நான் பார்த்த அதே தளத்தில், கால் வைக்க இடமில்லாமல் மீன். வயிற்றைக் கீறி உப்பு திணித்த அயிலை, சாளை, நெத்திலி. உப்பில் ஊறிய கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டித் தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் குச்சியோடு காக்காய் ஓட்டினார்கள். நடுவில் பிலோமினா மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிவிட்டார்.

"ஐயோ மோளே, நாறும். கீழே இரி, இப்போ வாரித் தள்ளிடறேன்."

"இது தினமும் இங்கேதானா சேச்சி?"

"பின்னே? மணலிலே இட்டா மண்ணு ஒட்டும், விலை கிடைக்காது. இந்தக் கரையிலே நல்ல தரைன்னு இது ஒண்ணுதானே உண்டு. எல்லாரும் கொண்டு வாங்கடீன்னு நான்தான் சொன்னேன். நீ வரும்னு அன்னைக்கு மட்டும் கழுவி விட்டோம். நாற்றத்திலே நீ எப்படி நிப்பே?"

"கடல் பக்கத்துத் தளத்தில் போடமாட்டீர்களா?"

"அங்கே காற்றிலே மணல் பறக்கும். இங்கேதான் படிக்கட்டுச் சுவர் மறைக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. விருந்தாளி மூக்கு சுளிக்கக்கூடாதென்று பதிலைக் கழுவிக் கடலில் விட்டுவிட்டு, என்னிடம் கேள்வியைக் கொடுத்திருக்கிறார்கள். நானும் சுத்தத்தைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

பக்கத்தில் மதில் வேலையில் இருந்த சூசையைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவர் வருவதற்குள் கடல் பக்கம் ஒரு துளை போட்டுத் தூள் எடுத்தேன். சட்டையில் சிமெண்டோடு ஓடிவந்தார். கண்ணாடி டம்ளர்களைக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக வைத்து, பையில் மிச்சமிருந்த பழைய பொட்டலத்துத் தூளையும் இதையும் கரைத்து வடிகட்டி, எல்லோரும் பார்க்கச் சொட்டு விட்டேன். கடல் பக்கத்துத் தூள் லேசாக மங்கியது. மீன் கிடந்த இடத்துத் தூள் பாலாக நின்றது. அதே இடத்தின் அடிப்பக்கத்துத் தூள் தெளிந்து கிடந்தது.

"உங்கள் தம்பி குழைத்த தண்ணீரில் உப்பே இல்லை. இருந்தால் இந்த டம்ளரும் வெளுத்திருக்கும். உப்பு மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கம்பிவரை வந்து அதைத் தின்றிருக்கிறது, கம்பிக்குக் கீழே இன்னும் போகவில்லை. மீனிலிருந்து வந்த உப்பு" என்றேன் பிலோமினாவிடம்.

சூசை அப்படியே தளத்தில், மீனுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ பையனுக பொய் சொல்லல்ல" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தான் தப்பித்ததை நினைக்காமல், தன் ஆட்களைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று நினைக்கிறவரைப் பற்றி இந்தக் கரை என்னவெல்லாம் பேசியிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒல்லியான பெண்ணொருத்தி தன் பங்கு மீனை அவசரமாகக் கூடையில் அள்ள ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். பிலோமினா கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னைக்கு இட்டது இன்னைக்கு காஞ்சு உணங்கட்டும். வாரவேண்டாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாளை முதல் இவளுக எங்கே போவாளுக?" என்று கேட்டார். தம்பி பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்ப முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பதில் துண்டுக்குள்ளிருந்து வந்தது. "கீழ, தென்னைக்கு அந்தால, தரையில ஒரு தளம் போட்டுத் தாறேன்." துண்டை எடுத்துவிட்டு என்னைக் கேட்டார், "அதையும் உப்பு தின்னுமா மேடம்?"

உப்புக்குச் சண்டை கம்பியோடுதான் என்று விளக்கினேன். தரைமேல் கனமாகப் போடுகிற தளத்துக்குக் கம்பி தேவையில்லை. கம்பி இல்லாவிட்டால் துருவும் இல்லை, வெடிப்பும் இல்லை. படித்த படிப்பு சும்மா இருக்குமா, கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "அதைக் கடல் தண்ணீரில் குழைத்தால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகாது." சமையலறைமேல் இருக்கிற பாதியை இடித்துப் புதிதாகப் போடவேண்டும், மற்றதைத் தொடவேண்டாம், இனி மேலே மீன் ஏறக்கூடாது என்றும் சொன்னேன்.

அன்று பிலோமினா சாப்பிடச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, தம்பிக்கும் சொல்லவில்லை. நாங்கள் இறங்கி வரும்போது மாடியிலேயே காக்காய்க்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னதால் காரியம் முன்னைவிடக் கெட்டுப்போயிற்றோ என்று வழியெல்லாம் எனக்கு அடித்துக்கொண்டது. கிணற்றடியில் மாமி மீன் பேரைக் கேட்டபோது அழாக்குறையாக, "இன்றைக்கு ஒன்றும் தின்னவில்லை" என்றேன். மாமி அன்று வாளியைத் தானே இறைத்து ஊற்றினார்.

ஊருக்குத் திரும்பும் நாள். ரயில் சாயங்காலம்தான். சொல்லிக்கொண்டு வரலாம் என்று காலையில் கடற்கரைக்குப் போனேன். தென்னைகளுக்கு அப்பால் மணலை மட்டப்படுத்தி, செங்கல் துண்டு பரப்பி இடித்துக் கெட்டியாக்கியிருந்தார்கள். சூசையும் அவருடைய ஆட்களும் வேலையில் இறங்கியிருந்தார்கள். கூரை போட்ட அதே ஆட்கள்தானாம். எங்கள் கம்பெனி சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாவற்றையும் காயக் கலந்து குவித்து, தண்ணீர் ஊற்ற நடுவில் குழி பறித்தாயிற்று. டிரம்மில் அடிமட்டத்தில்தான் தண்ணீர் கிடந்தது. வீட்டில் பிலோமினாவைக் காணவில்லை. பக்கத்துக் குடிசைகளிலும் ஆள் இல்லை.

"மேடம்தான் சொல்லிட்டாங்கள்லா, இதுக்குக் கடல் தண்ணி போதும்னு" என்று ஓர் ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். வேடிக்கையாகச் சொன்னாரோ, நிஜமாகவே போனாரோ, தெரியாது. சூசை நிமிர்ந்து கடலையும் குவியலையும் பார்த்தார். மண்வெட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. "வேண்டாம்லே" என்றார். என் படிப்பை நான் அந்த நிமிடம் சபித்தேன்.

அப்போதுதான் சாலைப் பக்கமிருந்து அவர்கள் வந்தார்கள். முன்னால் பிலோமினா, இடுப்பில் தளும்பத் தளும்பக் குடம். பின்னால் மாடியில் பார்த்த பெண்கள் எல்லோரும், ஆளுக்கொரு குடத்தோடு. குழாயடியில் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

பிலோமினா நேராகக் குவியலிடம் வந்தார். தம்பியின் ஆட்கள் குடத்தை வாங்கக் கை நீட்டினார்கள். கொடுக்கவில்லை. தானே குனிந்து குழிக்குள் ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துப் பிடித்துவிட்டு, நிமிர்ந்து, கரை முழுக்கக் கேட்கிற குரலில் பேசினார்.

"சூசே, இது நான் கொண்டுவந்த வெள்ளம். நாளைக்கு இந்தத் தளம் வெடிச்சு, எவளாவது, எவனாவது உன்கிட்ட கேட்டா, வெள்ளம் பிலோமினா கொண்டுவந்ததுன்னு சொல்லு. என்கிட்ட வந்து கேக்கட்டும்."

சூசை மண்வெட்டியை வைத்துக்கொண்டு நின்றாரே தவிர குழைக்கவில்லை. தண்ணீர் குழிக்குள் சிமெண்டோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்தா நோக்கி நிக்கறே? குழைலே, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பிலோமினா மறுபடி குழாயடிக்கு நடந்தார்.